இத்தாலியமும் மொழிநூலும்



சில மாதங்களுக்கு முன், ஆலங்காயத்தில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு தந்தையும் மகளும் வந்து அமர்ந்தனர். தந்தை என்னிடம் பயின்ற பழைய மாணவர். கடைத்தெருவில் சிறியதொரு மளிகைக் கடை நடத்துபவர். மகள் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவள். வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இத்தாலிய மொழியையும், அதனோடு மொழியியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தை என்னைப் பார்த்து, “ஐயா, கணக்கு படித்தால் கணக்கர் ஆகலாம், மருந்து படித்தால் மருந்துக் கடை வைக்கலாம். இத்தாலி மொழி படித்தால் என்ன ஆகும்? அதோடு மொழியியல் என்று வேறு சொல்கிறாளே, அது என்ன படிப்பு? தாங்கள்தாம் எனக்குச் சொல்ல வேண்டும்” என்றார்.

அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. “நாலு நாள் பொறுத்து வாருங்கள், அப்பா” என்று அனுப்பி வைத்தேன். அந்த நாலு நாளில் நான் படித்ததையும் எண்ணியதையுமே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மொழியியல் யாது என்பதைப் பார்ப்போம். முன்னர் இதனை மொழிநூல் என்றே வழங்கினோம். ஒரு மொழியைப் பேசக் கற்பது ஒன்று. மொழி என்பது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்வது மற்றொன்று. மிதிவண்டி ஓட்டுபவனுக்கும், அதன் சங்கிலியும் பற்சக்கரமும் எவ்வாறு இயைந்து சுழல்கின்றன என அறிந்தவனுக்கும் உள்ள வேறுபாடு இது. ஓட்டத் தெரியாமல் பற்சக்கரத்தை மட்டும் அறிந்தவனுடைய அறிவு ஏட்டறிவு. பற்சக்கரத்தை அறியாமல் ஓட்ட மட்டும் தெரிந்தவன் சங்கிலி கழன்ற இடத்தில் நின்றுவிடுவான். ஆகவே ஒரு மொழியையும் மொழியியலையும் சேர்த்துப் படிப்பது பொருத்தமானதே.

சேர்த்துப் படிப்பதற்கு இத்தாலியம் ஏன்? நம் தமிழ் மாணவர் ஒருவர் அம்மொழியைத் தொட்டவுடன் அவருக்குப் பல கதவுகள் தாமாகவே திறக்கின்றன. ஆங்கிலத்தில் ‘பேசுகிறேன்’ என்று சொல்வதற்கு ‘நான்’ என்னும் சொல்லைத் தவறாமல் முன்னே வைக்க வேண்டும். தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே போதும். பேசுபவன் நான் என்பது வினையின் ஈற்றிலேயே அடங்கியுள்ளது. இத்தாலியத்திலும் அப்படியே. ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன். ‘பார்லி’ என்றால் பேசுகிறாய். ‘பார்லா’ என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள். எழுவாய் தோன்றா எழுவாயாக நிற்கலாம். நம் இலக்கண ஆசிரியர்கள் வகுப்பில் கற்பித்த ஒன்று, ஐரோப்பாவின் தென்கோடியிலும் நிகழ்கிறது.

மெய்யெழுத்து இரட்டித்தலைப் பாருங்கள். தமிழில் கனி வேறு, கன்னி வேறு; கலை வேறு, கல்லை வேறு. ஒரு மெய் இரட்டித்தால் பொருளே மாறிவிடும். ஆங்கிலேயரின் செவிக்கு இவ்வேறுபாடு எளிதில் எட்டுவதில்லை. இத்தாலியத்தில் ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது. ‘நொன்னோ’ என்றால் பாட்டனார். ‘பாலா’ என்றால் மண்வெட்டும் கருவி. ‘பல்லா’ என்றால் பந்து. நம் பிள்ளைகளுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். மேலும், நம் தகரத்தைப் போலவே பல்லை ஒட்டி ஒலிக்கும் எழுத்து அவர்களிடமும் உண்டு. நம் ஞகரமும் உண்டு.

எனினும் எல்லாமே எளிது என்று கூறிவிடலாகாது. தமிழில் பால் என்பது பொருளைப் பற்றியது. மனிதரிடையே ஆண் ஆண்பால், பெண் பெண்பால். மரமும் கல்லும் அஃறிணை. இத்தாலியத்திலோ உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. சூரியன் ஆண்பால், சந்திரன் பெண்பால். புத்தகமும் ஆண்பால். பெரும்பாலும் ஓகார ஈற்றுச் சொற்கள் ஆண்பாலாக அமையும்; ஆனால் கையைக் குறிக்கும் ‘மானோ’ என்னும் சொல் ஓகாரத்தில் முடிந்தும் பெண்பாலாக நிற்கும். இதனை மனப்பாடம் செய்து இடர்ப்படும் மாணவனுக்கு, “பால் என்பது இயற்கைப் பாகுபாடு அன்று; சொற்களை வகைப்படுத்த மொழி கையாளும் ஒரு முறை” என்று எடுத்துரைப்பது மொழியியல். அதைத் தெளிந்தபின் நம் திணைப் பாகுபாட்டின் அழகும் அவனுக்குப் புதிதாகப் புலப்படும்.

நேயர்களே, இலத்தீன் மொழியிலிருந்து இத்தாலியம் பிறந்தது. இலத்தீனில் பாலைக் குறிக்கும் ‘லாக்தெ’ என்பது இத்தாலியத்தில் ‘லாத்தே’ ஆயிற்று. எட்டைக் குறிக்கும் ‘ஒக்தோ’ என்பது ‘ஒத்தோ’ ஆயிற்று. ஏழைக் குறிக்கும் ‘செப்தெம்’ என்பது ‘செத்தே’ ஆயிற்று. இரு வேறு மெய்கள் அடுத்து வந்தால், முன்னது பின்னதைப் போல் மாறிவிடுகிறது. இதனைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? வடமொழியின் பக்தி தமிழில் பத்தி ஆயிற்று. சக்தி சத்தி ஆயிற்று. முக்தி முத்தி ஆயிற்று. உரோமாபுரியின் நாவும் நம் நாவும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

இன்னும் ஒன்று. இலத்தீனில் நூறு என்பதற்கு ‘கெந்தும்’ என்பது சொல். அது இத்தாலியத்தில் ‘செந்தோ’ ஆயிற்று. ‘பச்சை’ என்னும் சொல்லில் சகரம் எவ்வாறு அழுத்தமாக ஒலிக்கிறதோ அவ்வாறு அதனை ஒலிக்க வேண்டும். மெழுகைக் குறித்த ‘கேரா’ அவ்வாறே ‘சேரா’ ஆயிற்று. ஆனால் ‘காஸா’ என்னும் வீடு ‘காஸா’வாகவே நின்றது. இகர எகரங்களின் முன் நின்ற ககரம் மட்டுமே சகரமாக மாறியது என்பது விதி. இப்போது நம் பக்கத்து மொழியாகிய கன்னடத்தைப் பாருங்கள். காதுக்கு அங்கே ‘கிவி’, நமக்குச் செவி. சிவப்புக்கு அங்கே ‘கெம்பு’, நமக்குச் செம்மை. பழந்திராவிட மொழியின் ககரம் இகர எகரங்களின் முன் தமிழில் சகரமாயிற்று. அப்படியானால் கிளியும் கிழங்கும் கெடுதலும் ஏன் மாறவில்லை என்று கேட்கலாம். அவற்றில் அடுத்து வரும் ளகரம், ழகரம், டகரம் ஆகியன நாவை வளைத்து ஒலிப்பவை. அவை அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டன. ஒழுங்கற்றது போலத் தோன்றுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை இவ்வாராய்ச்சி காட்டுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன், “பார்த்தீர்களா, இத்தாலியமும் தமிழிலிருந்தே வந்தது!” என்று முழங்குவோர் நம்மிடையே உளர். அவர்கள் தாயைக் குறிக்கும் ‘மம்மா’வையும் நம் அம்மாவையும் சான்றாகக் காட்டுவர். குழந்தை முதன்முதல் ஒலிக்கக் கூடியவை இதழ் சேர்ந்து பிறக்கும் ஒலிகளே. ஆதலால் ஒன்றோடொன்று உறவற்ற மொழிகளிலும் தாய் தந்தையர் பெயர்கள் இவ்வாறு ஒத்திருக்கும். ரோமான் யாக்கப்சன் என்னும் மொழியியல் அறிஞர் இதனை 1960ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஒத்திருப்பதெல்லாம் உறவு ஆகாது. உண்மை உறவைக் காண வேண்டுமாயின், அடிப்படைச் சொற்கள் பலவற்றில், விதி தவறாத ஒலி ஒப்புமை இருத்தல் வேண்டும். தாய்மொழிப் பற்று உடையவன் மொழியியலைக் கற்றால் அப்பற்று குறையாது. பொய்த்துணை வேண்டாத பற்றாக அது வலுப்பெறும்.

உண்மை உறவை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் இத்தாலியரே என்பது வியப்புக்குரியது. பிளாரன்சு நகர வணிகர் பிலிப்போ சசெத்தி என்பார் 1583ஆம் ஆண்டில் இந்தியா வந்து, கொச்சியிலும் கோவாவிலும் வாழ்ந்து, 1588இல் கோவாவில் மறைந்தார். அவர் தம் நாட்டுக்கு எழுதிய கடிதங்களில், வடமொழியின் எண்ணுப்பெயர்கள் சிலவும், கடவுளையும் பாம்பையும் குறிக்கும் சொற்களும் தம் மொழிச் சொற்களை ஒத்திருப்பதைக் குறித்தார். ‘சப்த’, ‘செத்தே’; ‘அஷ்ட’, ‘ஒத்தோ’; ‘நவ’, ‘நோவே’. மிளகு வாங்க வந்தவரின் செவியில் பட்ட இச்செய்தி, 1786ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்சு அறிவித்த கொள்கைக்கு இரு நூற்றாண்டு முந்தியது. தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்பதைச் சென்னையில் எல்லிசு 1816இலும், விரிவாகக் கால்டுவெல் 1856இலும் நிறுவினர்.

இனி, நம் நாட்டிலேயே இத்தாலியமும் மொழி ஆராய்ச்சியும் ஒருங்கே கூடிய பெருமகனைக் கூறுகிறேன். அவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆனால் இத்தாலியர் என்ற நினைவே நமக்கு வருவதில்லை. அவரே வீரமாமுனிவர். கான்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் இயற்பெயருடன் 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1710இல் கோவா வந்து, பின்னர்த் தமிழகம் அடைந்து, 1747இல் மறையும் வரை தமிழுக்கு உழைத்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன், 1606இல், மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற ராபர்ட் தெ நொபிலியும் இத்தாலியரே.

வீரமாமுனிவர் செய்தது என்ன? எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணால் கண்ட அளவிலேயே பிரித்தறியுமாறு எழுத்தைத் திருத்தினார். செய்யுளாய் நின்ற நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்த காலத்தில், அகர வரிசையில் சொல்லைத் தேடிக் காணுமாறு 1732இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உடைமையால் அஃது அப்பெயர் பெற்றது. அவர் பிறந்த நாட்டில் குரூஸ்கா என்னும் கல்விக் கழகம் பிளாரன்சில் தோன்றி, 1612ஆம் ஆண்டிலேயே பேரகராதி ஒன்றை வெளியிட்டிருந்தது என்பதை இங்கே நினைவு கூரலாம்.

அவர் செய்தவற்றுள் ஒன்று ஆசிரியனாகிய என்னைப் பெரிதும் நாணச் செய்தது. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு அவர் அமையவில்லை. மக்கள் பேசும் தமிழுக்கும், கொடுந்தமிழ் என்னும் பெயரால், இலத்தீனில் தனியே ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பேச்சு மொழிக்கும் இலக்கணம் உண்டு என்பதை நம்மவர் பலர் ஒப்பாத காலத்தில், அயல்நாட்டார் ஒருவர் அதனைச் செவியால் கேட்டு, விதியாக வகுத்து வைத்தார்.

நான் நாணியதற்குக் காரணம் கூறுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், சவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து பயின்ற பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருந்தனர். அவர்களுள் ஒருவன் கட்டுரை ஏட்டில் ‘அடிச்சு’, ‘உடைஞ்சு’, ‘மூணு’ என்றெல்லாம் எழுதுவான். நான் சிவப்பு மையால் ஏடு முழுவதும் கோடிட்டு, வகுப்பார் முன் அதனை உரக்கப் படித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தனர். அன்று முதல் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் பள்ளியையும் விட்டு நின்றுவிட்டான். திருத்துவது ஆசிரியன் கடமை என்று அக்காலத்தில் நான் அமைதி கொண்டேன்.

அவன் எழுதியதை இப்போது மொழியியல் கண்கொண்டு பார்க்கிறேன். ‘அடித்து’ என்பது ‘அடிச்சு’ ஆகிறது. ‘சிரித்து’ என்பது ‘சிரிச்சு’ ஆகிறது. ‘உடைந்து’ என்பது ‘உடைஞ்சு’ ஆகிறது. ஆனால் ‘எடுத்து’ என்பதை எந்தக் குழந்தையும் ‘எடுச்சு’ என்று சொல்வதில்லை. ‘படுத்து’ என்பதைப் ‘படுச்சு’ என்பதும் இல்லை. ஏன்? இகரமும் ஐகாரமும் முன்வந்தால் அத்தகரம் சகரமாகும். இவ்விதியை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. எனினும் ஓரிடத்திலும் அவன் தவறியதில்லை. இலத்தீனின் ஒலிகள் இத்தாலியமாய் மாறியதற்குப் பேராசிரியர்கள் விதி எழுதிப் பட்டம் பெறுகின்றனர். அதே வகையான விதி ஒரு மலைச் சிறுவன் நாவில் நின்றபோது, அதனை நான் பிழை என்று கோடிட்டேன்.

எழுத்து வழக்கைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. கற்பித்தே ஆக வேண்டும். அது பிள்ளையின் உரிமை. ஆனால், “உன் பேச்சு பிழை” என்று சொல்லிக் கற்பிப்பது ஒன்று, “உன் பேச்சுக்கு ஒரு விதி, ஏட்டுக்கு மற்றொரு விதி, இரண்டையும் அறிந்துகொள்” என்று சொல்லிக் கற்பிப்பது வேறொன்று. முன்னது வாயை அடைக்கும். பின்னது அறிவைத் திறக்கும்.

இந்த வழக்கு இத்தாலியிலும் நடந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாந்தே, மக்கள் மொழியின் சிறப்பைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதி, இத்தாலி நாட்டுப் பேச்சு வழக்குகளைப் பதினான்காகப் பிரித்துக் காட்டினார். இத்தாலி 1861இல் ஒரே நாடாக இணைந்தபோது, இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 2.5 பேரே என்று துல்லியோ தெ மௌரோ கணக்கிட்டார். நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இருக்கலாம் என்று காஸ்தெல்லானி பின்னர்க் கணக்கிட்டார். ஏனையோர் சிசிலியம், வெனேத்தம், நாப்பொலி வழக்கு எனத் தத்தம் ஊர்ப் பேச்சையே பேசினர். நாவலாசிரியர் மன்சோனி, பிளாரன்சு நகரப் பேச்சையே நாடு முழுதும் பள்ளிகளின் வழியே பரப்ப வேண்டும் என 1868இல் அரசுக்கு அறிக்கை தந்தார். அசுகோலி என்னும் மொழியியல் அறிஞர் 1873இல் அதனை மறுத்தார். கட்டளையால் மொழி ஒன்றுபடாது. கல்வியும் அறிவுத் தொழிலும் நாடெங்கும் பரவினால் பொதுமொழி தானே உருவாகும் என்பது அவர் கருத்து. இவ்வரலாற்றை நான் இருபது வயதில் படித்திருந்தால், அந்தச் சிறுவனின் ஏட்டில் என் பேனா வேறு விதமாக ஓடியிருக்கும்.

எங்கள் ஊரை அடுத்த காவலூரில் வானாய்வு நிலையம் உள்ளது. 1968 முதல் அங்கே விண்மீன்களை நோக்கி வருகின்றனர். 1986இல் நிறுவப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்பு அவர்களின் பெயர் தாங்கி நிற்கிறது. வியாழனின் துணைக்கோள்களை 1610இல் தொலைநோக்கியால் கண்ட கலிலியோ, அதனை முதலில் இலத்தீனில் எழுதினார். பின்னரோ, 1632இல் வெளிவந்த உரையாடல் நூல் உட்படத் தம் பெருநூல்கள் பலவற்றை இத்தாலியத்திலேயே எழுதினார். பல்கலைக்கழகம் புகாதவரும் படித்தறிய வேண்டும் என்பது அவர் நோக்கம். தாய்மொழியில் அறிவியல் இயலுமா என்று நாம் வாதிடும்போதெல்லாம் இதனை எண்ணுதல் நலம்.

இனித் தந்தை கேட்ட கேள்விக்கு வருகிறேன். வயிறு நிறையுமா? அதனை இழிந்த கேள்வி என்று நான் கருதவில்லை. எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிடும் தோலும், தைக்கும் காலணிகளும் இத்தாலி முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன. தோல் பதனிடும் எந்திரங்கள் பல இத்தாலியிலிருந்து வருகின்றன. அம்மொழி அறிந்தவர்க்கு அங்கே இடம் உண்டு. மொழிபெயர்ப்பு, சுற்றுலா, அயல்மொழி ஆசிரியப் பணி ஆகியனவும் உண்டு. மொழியியல் கற்றவர்க்கு அகராதிப் பணியும், பேச்சுக் குறை உடைய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் துறைக்கு அடிப்படையும், கணிப்பொறிக்கு மொழி கற்பிக்கும் புதுத் தொழிலும் உள்ளன. எனினும் மருத்துவத்தையும் பொறியியலையும் போல, வேலை வாயிலில் காத்திருக்கும் என்று உறுதி கூற மாட்டேன். முயற்சியும் பொறுமையும் இதற்கு மிகுதியாக வேண்டும்.

இப்படிப்பு நம் நாட்டில் கிடைக்கிறதா என்று நேயர்கள் கேட்கலாம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் இத்தாலியம் கற்பிக்கும் துறையும் மொழியியல் துறையும் உள்ளன. நம் மாநிலத்தில் மொழியியலுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் பணியாற்றி வருகிறது.

நாலு நாள் கழித்துத் தந்தையும் மகளும் மீண்டும் வந்தனர். “அனுப்புங்கள்” என்றேன். மகளிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். “அம்மா, முதலாவது, இத்தாலியத்தைக் காதால் கற்றுக்கொள், அதன் பிறகு கண்ணால் கற்கலாம். இரண்டாவது, இங்கே நீ படித்த தமிழ் இலக்கணத்தை மறவாதே. அங்கே பலருக்கு இல்லாத முதல் அது. மூன்றாவது, ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு குறிப்பேட்டோடு வா. மலையில் சாமை விதைப்போரும், புளி உலுக்குவோரும், தேன் எடுப்போரும் வழங்கும் சொற்களை, அவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுதி வை. யாபெர்க், யூத் என்னும் இரு அறிஞர்கள் இத்தாலியிலும் தென் சுவிட்சர்லாந்திலும் நானூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் உழவர் சொற்களைத் திரட்டி, 1928 முதல் 1940 வரை நிலப்படங்களாக வெளியிட்டனர். கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் ஓர் அகராதி தந்தார். நம் மலைக்கும் ஒருவர் வேண்டும்.”

அந்தப் பெண் சிறிது நேரம் பேசாதிருந்து, “ஐயா, தாங்கள் முன்பு கோடிட்ட ஏடுகளில் இருந்த சொற்களும் அதில் வருமா?” என்று கேட்டாள். அவள் தந்தை அவ்வகுப்பில் அமர்ந்திருந்தவர். வீட்டில் அதனைச் சொல்லியிருப்பார் போலும். “அவைதாம் முதலில் வர வேண்டும், அம்மா” என்றேன்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு பிள்ளை, ஊரார் கேட்டறியாத ஒரு படிப்பை விரும்பி நின்றால், உடனே மறுத்துவிடாதீர்கள். நாலு நாள் பொறுத்து எண்ணிப் பாருங்கள் என்று வேண்டி, என் பேச்சை நிறைவு செய்கிறேன்.